பைலட் சீட்டுக்குப் பின்னால் ஒரு ரகசியப் பை!

சைரன் அலற 108 ஆம்புலன்ஸ் நம்மைத் தாண்டிப் போகும்போது ஸ்ட்ரெச்சரும் ஆக்சிஜன் சிலிண்டரும்தான் நம் நினைவுக்கு வரும். அதெல்லாம் வண்டியோடு வருகிற சாமான். ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறியது. நாம் இன்றைக்கு எட்டிப் பார்க்கப் போவது எந்த ரெஜிஸ்டரிலும் ஏறாத ஒன்றை. பைலட் (ஓட்டுநர்) சீட்டுக்குப் பின்னால் செருகியிருக்கிறதே ஒரு முதுகுப் பை, அதை! மருத்துவ உதவியாளர் வீட்டிலிருந்து சுமந்து வரும் சொந்தப் பை அது. ஜிப்பை இழுத்தால், அடேயப்பா, உள்ளே ஒரு குட்டி உலகம்!

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய சேவை இது. வண்டிக்கு இரண்டே பேர்: ஓட்டுகிற பைலட், பின்னால் நோயாளியோடு உட்காருகிற மருத்துவ உதவியாளரான இ.எம்.டி. ஷிப்ட் 12 மணி நேரம். அதற்குள் எப்போது சாப்பிடலாம், எப்போது பாத்ரூம் போகலாம் என்பதை அடுத்த போன்தான் முடிவு செய்யும். நோயாளிக்கு வேண்டியதை வண்டி வைத்திருக்கிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு வேண்டியதை இந்தப் பைதான் வைத்திருக்கிறது. அதனால்தான் இதன் மேல் எனக்கு இவ்வளவு ஆசை!

பைக்குள் போவதற்கு முன், முதலில் அவர் கையில் கட்டியிருப்பதைப் பாருங்கள். நொடி முள் ஓடுகிற சாதாரணக் கடிகாரம். வார் மட்டும் ரப்பர். தோல் வாராக இருந்தால் ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. குலுங்குகிற வண்டியில், கையுறை மாட்டிய விரலால் செல்போன் திரையைத் தட்டிக்கொண்டிருக்க முடியுமா? ஒரு கை நோயாளியின் மணிக்கட்டில், கண் நொடி முள்ளில். 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கினால் நாடித்துடிப்பு வந்துவிடும். துடிப்பு தாறுமாறாக இருந்தால் முழு நிமிடமும் எண்ண வேண்டும். வழியிலேயே பிரசவம் ஆகிவிட்டால், பிறந்த நேரத்தைக் குறித்துக்கொள்வதும் இதே கடிகாரத்தைப் பார்த்துத்தான். ஒரு மனிதரின் பிறந்த நேரம் இந்த ரப்பர் வார் கடிகாரத்திலிருந்து வருகிறது என்று நினைத்தாலே புல்லரிக்கிறது!

அடுத்து பேனா. ஒன்று போதாது, கைநிறைய வேண்டும். விபத்து நடந்த இடத்தில் போலீஸ்காரர் ஒன்று கேட்பார், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுகிறவர் ஒன்றைத் தன் பையில் செருகிக்கொண்டு போய்விடுவார். எதில் எழுதுவார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வெள்ளை பிளாஸ்திரியில் ஒரு நீளத் துண்டைக் கிழித்துத் தொடையில், பேன்ட் மேலேயே ஒட்டிக்கொள்வார்கள். ரத்த அழுத்தம், நாடி, ஆக்சிஜன் அளவு, எந்த நேரத்தில் என்ன மருந்து கொடுத்தார்கள் எல்லாம் அதில் ஏறிவிடும். காகிதம் பறந்துவிடும், தொடை எங்கே போய்விடும்? ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் குனிந்து பார்த்துக் கடகடவென்று ஒப்பிக்க வேண்டியதுதான். எவ்வளவு அழகான யோசனை!

கத்தரிக்கோல் வண்டியிலும் உண்டு. ஆனாலும் இடுப்பில் சொந்தமாக ஒன்று தொங்கும். அதன் கீழ் அலகின் நுனி மொண்ணையாக, தட்டையாக இருப்பதைக் கவனியுங்கள். துணிக்கும் தோலுக்கும் நடுவே நுழைந்து போகும்போது குத்தாமல் இருக்கத்தான் அப்படி. ஜீன்ஸ் துணி, சீட் பெல்ட் எதுவாக இருந்தாலும் நறுக்கென்று வெட்டும்.

பைக்குள் கையை விட்டால் நெற்றியில் மாட்டும் விளக்கு. ராத்திரி பைக் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தவரைத் தூக்க இரண்டு கையும் வேண்டுமே! பவர் பேங்க், கூடுதல் சாக்ஸ், தலைமுடிக்கு ரப்பர் பேண்டு, ஊக்கு, சானிட்டரி நாப்கின் (தனக்கும், கேட்கத் தயங்குகிற இன்னொரு பெண்ணுக்கும்). சின்னக் கோடாலித் தைலம் பாட்டில் எதற்குத் தெரியுமா? பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் போகும்போது நாற்றத்தைத் தாங்க மாஸ்க்கின் வெளிப்பக்கம் ஒரு சொட்டு.

இப்போது மெதுவாக இந்தப் பக்க ஜிப்பைத் திறங்கள். பாப்பாவுக்கு ஒரு குல்லா! உள்ளங்கையளவு கம்பளிக் குல்லா, கூடவே துவைத்துக் காய்ந்த இரண்டு மெல்லிய பருத்தித் துணி. பிரசவத்துக்கான கிட் வண்டியிலேயே இருக்கிறது. ஆனால் பிறந்த குழந்தைக்குச் சூடு வேகமாக இறங்கும், ஈரத் தலை வழியே இன்னும் வேகமாக. முதல் துணியால் துடைத்து, அந்த ஈரத்துணியை அப்புறப்படுத்திவிட்டு, குழந்தையை அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துப் படுக்கவைத்து, மேலே காய்ந்த துணியால் போர்த்த வேண்டும். அதற்காகத்தான் இரண்டு. அரசாங்கம் கேட்காமலேயே, யாருடைய பிள்ளைக்கோ என்று ஒருவர் தன் பையில் குல்லா வைத்திருக்கிறார். இதற்கு மேல் என்ன சொல்ல!

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு வேறு வித்தை. கையுறையை ஊதி முடிச்சுப் போட்டு, பேனாவால் கண்ணும் மூக்கும் வரைந்தால் கொண்டை வைத்த சேவல் ரெடி! வாயில் வைக்கிற வயசுப் பிள்ளையிடம் மட்டும் அதைக் கொடுக்க மாட்டார்கள்.

சாப்பாட்டில் பெரிய சூட்சுமமே இருக்கிறது. மே மாத வண்டிச் சூட்டில் சாக்லேட் உருகிவிடும், தயிர் சாதம் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். புளிசாதம் தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலே கடலை மிட்டாய்! உருகாது, கசியாது, கவரைப் பிடித்துக்கொண்டு மிட்டாயில் விரல் படாமலே கடித்துவிடலாம். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி மிட்டாயாக இருந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் பாட்டில் சரியாக ஒரு லிட்டர், ஏனென்றால் பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். சாப்பாட்டுச் சாமான் எல்லாம் முன்பக்க கேபினில் மட்டும். நோயாளி இருக்கிற பக்கம் வாயில் எதுவும் போடுவதில்லை.

அடியில் கிடக்கிறது மாற்று யூனிஃபார்ம், சோப்பு, துண்டு, இரண்டு தடித்த பிளாஸ்டிக் கவர். வாந்தியோ ரத்தமோ பட்ட சட்டையைக் கழற்றிக் கவரில் போட்டு முடிச்சிட்டால் அது வீட்டில் தனியாகத்தான் துவைக்கப்படும். இந்தப் பையும் அப்படித்தான். கட்டிலில் ஏறாது, பிள்ளைகள் கைக்கு எட்டாது.

உங்கள் வீட்டில் யாராவது இந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்களா? சுவர்க்கடிகாரமும் சால்வையும் வேண்டாம். நொடி முள் வைத்த ரப்பர் வார் வாட்ச், ஒரு டஜன் பேனா, நெற்றி விளக்குக்கு மாற்று பேட்டரி வாங்கிக் கொடுங்கள். கடலை மிட்டாய் மட்டும் இரண்டு பாக்கெட். பைலட் அண்ணனுக்கும் பசிக்கும்!