அலைக்குளமும் அலைகடலும்

(மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

கோடை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடற்கரை நகரங்களுக்குப் புறப்படுவது இன்று பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் சென்னைக்குப் போனவர்கள் மெரினா, உயிர்க் காலேஜ், செத்த காலேஜ் என்று பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இன்றைய பிள்ளைகள் முதலில் கேட்பது கிழக்குக் கடற்கரைச் சாலையைத்தான். இஞ்சம்பாக்கத்திலும் முட்டுக்காட்டிலும் கேளிக்கைப் பூங்காக்கள் உள்ளன. அவற்றைத் தாண்டினால் முதலைப் பண்ணை, அதற்கப்பால் மாமல்லபுரம். ஒரு பக்கம் மனிதன் கட்டிய நீர் விளையாட்டு. மறுபக்கம், கூப்பிடு தூரத்தில், வங்கக் கடல். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் பாடநூல் அறிவைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலோரத்தில் கேளிக்கை என்பது புதிய செய்தியன்று. 1884-ஆம் ஆண்டு நியூயார்க் நகரை அடுத்த கோனித் தீவின் கடற்கரையில் லாமார்கஸ் தாம்சன் என்பவர் ஏற்ற இறக்கமான தண்டவாளத்தில் ஓடும் வண்டி ஒன்றை அமைத்தார். மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவில் ஓடிய அவ்வண்டியில் ஏற ஐந்து சென்ட் கட்டணம். இன்றைய ரோலர் கோஸ்டருக்கு அதுவே முன்னோடி. நீர் விளையாட்டுக்கென்றே ஒரு பூங்கா 1977-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் தொடங்கப்பட்டது. அது 2016-இல் மூடப்பட்டாலும் அதன் வழியில் எழுந்த பூங்காக்கள் உலகெங்கும் பரவிவிட்டன.

சென்ற மே மாதம் என் அக்காள் பிள்ளைகள் இருவரை இத்தகைய பூங்கா ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். மூத்தவனுக்கு வயது பத்து; இளையவளுக்கு ஏழு. உள்ளே நுழைந்ததும் முதல் வழக்கு உயரத்தைப் பற்றியது. ரோலர் கோஸ்டரின் வாயிலில் நான்கடி உயரத்தில் கோடு போட்ட பலகை ஒன்று நின்றது. மூத்தவன் கோட்டைத் தொட்டான்; இளையவள் தொடவில்லை. “காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறோம், மடியில் வைத்துக்கொள்கிறோம்” என்று பக்கத்தில் ஒரு தந்தை காவலரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோட்டுக்குக் காரணம் உண்டு. இருபது மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் வண்டி, உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அடிவாரத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தைப் பெறும். இக்கணக்கில் நிறை வருவதில்லை. ஏழு வயதுச் சிறுமிக்கும் எழுபது கிலோ மாமாவுக்கும் வேகம் ஒன்றே. ஆனால் வளைவில் உடலை இருக்கையோடு பிடித்துவைப்பது தொடைமேல் இறங்கும் கம்பிதான். அது ஓரளவு வளர்ந்த உடலுக்கென அமைக்கப்பட்டது. சிறு குழந்தையின் இடுப்புக்கும் கம்பிக்கும் இடையே இடைவெளி விழும்; அவ்வழியே உடல் நழுவும். மடியில் வைத்துக் கைகளால் அணைத்துக்கொண்டால் போதும் என்று நினைப்பது பாசம். ஆனால் வளைவில் வண்டி தரும் விசைமுன் கைப்பிடி நிற்காது.

அடுத்தது உடையைப் பற்றிய வழக்கு. பருத்தி உடையோடு நீரில் இறங்கக்கூடாது, நைலான் உடைதான் வேண்டும் என்பார்கள். பருத்தி நீரை உறிஞ்சிக் கனக்கும்; சறுக்கில் உராய்வைக் கூட்டி நடுவழியில் நிறுத்திவிடும்; பின்னால் வருபவர் வந்து மோதுவார். நூல் பிரிந்து வடிகட்டிகளை அடைப்பதும் உண்டு.

குளத்து நீரில் கண்ணைக் கரிக்கும் நெடி அடித்தால் குளோரின் அதிகம் என்று பலர் கூறுவர். நம் வேதியியல் நண்பர்கள் உண்மையை அறிவார்கள். குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உண்டாகும் குளோரமின்களின் நெடியே அது. ஆகவே நீரில் இறங்குமுன் குளித்துவிட்டு இறங்குவதும், குழந்தைகளை அவ்வப்போது கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும் பிறருக்கும் செய்யும் உதவியாகும். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையை இறக்கவே கூடாது. அதனைப் பரப்பும் கிருமிகளுள் ஒன்றான கிரிப்டோஸ்போரிடியம், குளோரின் கலந்த நீரிலும் சில நாட்கள் உயிர்வாழக்கூடியது.

பிள்ளைகளை அன்று அதிகம் கவர்ந்தது அலைக்குளம். சங்கு ஊதும், கூட்டம் ஆரவாரிக்கும், அலை எழும். சிறிது நேரம் ஆடியபின் நீர் அடங்கிவிடும். இது எப்படி நிகழ்கிறது? பல குளங்களில் ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னே அறைகள் உள்ளன. பெரிய விசிறிகள் அவ்வறைகளுக்குள் காற்றைச் செலுத்தி நீரை அழுத்தும். பிறகு காற்று வெளியேறும். ஒழுங்கான கால இடைவெளியில் இவ்வாறு செய்யச் செய்ய நீர் ஊசலாடி அலையாகப் புறப்படுகிறது. குளத்தின் தரை கடற்கரையைப்போல் சரிந்து மேலேறுகிறது. ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 120 சென்டிமீட்டர் ஆழத்தில் வினாடிக்கு 3.4 மீட்டர் வேகத்தில் வரும் அலை, 30 சென்டிமீட்டர் ஆழத்தில் 1.7 மீட்டராகத் தளர்ந்துவிடும். முன்பகுதி தளரப் பின்பகுதி நெருங்கி வர, அலை உயர்ந்து உடைகிறது. ஆழம், உயரம், நேரம் மூன்றும் அங்கே மனிதன் அளந்து வைத்தவை.

மறுநாள் காலை கடற்கரைக்குச் சென்றோம். கால் நனைத்துக்கொண்டிருந்த இளையவள் என் கையைப் பிடித்து இழுத்து, “மாமா, இங்கே அலையை எப்போது நிறுத்துவார்கள்?” என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலைக்குளத்தில் பழகிய குழந்தை கடலையும் ஒரு பெரிய அலைக்குளமாகவே எண்ணுகிறது. அந்த எண்ணத்தோடு கடலில் இறங்கினால் என்ன ஆகும்?

கடலின் அலையை எழுப்புவது காற்று. அக்காற்று நம் கரையில் வீச வேண்டுமென்பதில்லை. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த புயல் கிளப்பிய அலைகள் பல நாட்கள் பயணம் செய்து, காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் நம் கரையில் வந்து மோதும். இதனைக் ‘கள்ளக்கடல்’ என்று அழைக்கின்றனர். சங்கு ஊதி வருவதில்லை, திருடனைப்போல் வருகிறது. 2024 மே மாதம் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இத்தகைய எச்சரிக்கை விடுத்திருந்த வேளையில், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் கடலில் இறங்கிய மருத்துவ மாணவர்கள் ஐவர் உயிரிழந்தனர். அவர்களும் நம்மைப்போல் கல்லூரியில் பயின்றவர்களே.

இரண்டாவது ஆபத்து, கரையிலிருந்து கடலை நோக்கி ஓடும் நீரோட்டம். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் எப்படியாவது திரும்பிச் செல்ல வேண்டும். மணல்திட்டுகளுக்கு இடையே ஆழமான வாய்க்கால் போன்ற வழி இருந்தால் அந்நீர் அவ்வழியே விரைந்து ஓடும். அதன் வேகம் சில வேளைகளில் வினாடிக்கு இரண்டு மீட்டரையும் தாண்டும். ஒலிம்பிக் வீரர்களே 100 மீட்டரை நீந்த 46 வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது வினாடிக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். அவர்களுக்கே சரிக்குச் சரியான ஓட்டத்தை எதிர்த்து நாம் எப்படிக் கரைசேர முடியும்? இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. நீரோட்டம் ஓடும் இடம் ஆழமாதலால் அங்கே அலை அவ்வளவாக உடைவதில்லை. இருபுறமும் நுரை பொங்க, நடுவே மட்டும் நீர் அமைதியாகத் தோன்றும். “இங்கே அலை குறைவு, குழந்தையை இங்கே இறக்கலாம்” என்று பெற்றோர் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான்.

அதில் சிக்கியவர் கரையை நோக்கி நீந்திக் களைத்துவிடக் கூடாது. முதலில் மிதக்க வேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். பிறகு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். ஓட்டம் குறுகியது, அதைவிட்டு வெளியே வந்தால் அலைகளே கரைக்குத் தள்ள உதவும். காப்பாற்ற நினைப்பவரும் குதித்துவிடாமல் மிதக்கும் பொருளையோ கயிற்றையோ வீசுவதே முறை. ஒருவரைக் காக்கப்போய் மற்றவரும் மாண்ட செய்திகளை நாம் செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கிறோம்.

இறுதியாக ஒன்று. நீரில் மூழ்கும் குழந்தை திரைப்படத்தில் வருவதுபோல் கத்திக் கூப்பிடுவதில்லை. மூச்சுக்கே வாய் போதாதபோது குரல் எங்கிருந்து வரும்? தலை சற்றுப் பின்சாய, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்க, ஓசையில்லாமல் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். முழங்கால் ஆழக் குளத்திலும் இது நிகழலாம். ஆகவே கடலானாலும் குளமானாலும் குழந்தை நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கையில் மாட்டும் காற்றுப்பை விளையாட்டுப் பொருளே; உயிர்காக்கும் கருவியாகாது. இருவர் உடன் சென்றால், இந்த நேரத்தில் பார்ப்பவர் யார் என்று வாய்விட்டுச் சொல்லி வைத்துக்கொள்வது நல்லது. எல்லாரும் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைக்கும்போது யாருமே பார்ப்பதில்லை.

பூங்காக்கள் வேண்டாமென்றோ கடற்கரைக்குப் போகாதீர்கள் என்றோ நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் மகிழ்ச்சிக்கு ஈடேது? ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொன்னார்கள். அலைக்குளத்தின் ஆழம் பலகையில் எழுதியிருக்கிறது. கடலின் ஆழத்தை எழுதிவைக்கப் பலகையில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் உடன் செல்லும் அண்ணன்மாரும் அக்காள்மாரும் மாமன்மாருமாகிய நாமே. இயற்பியல் கற்கும் மாணவர்களுக்கு அந்தக் கடமை இன்னும் ஒருபடி கூடுதல் என்பது என் கருத்து.