உங்களுக்குத் தெரியுமா? கருவிழியைத் தைக்கும் நூல்

கண்ணின் முன்புறமுள்ள ஒளிபுகும் படலமாகிய கருவிழியை, 1905 டிசம்பர் 7 அன்று, இன்றைய செக் குடியரசிலுள்ள ஓலோமோட்ஸ் நகரில் கண் மருத்துவர் எடுவார்ட் சிர்ம் முழுத்தடிமனில் வெற்றிகரமாக மாற்றிப் பொருத்தியபோது, அதன்மேல் குறுக்காகச் சென்ற நூல்களே அதை அழுத்திப் பிடித்தன. இன்றோ, தலைமயிரைவிட மெல்லிய, ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் நூலால், நுண்ணோக்கியின் கீழ், விளிம்பைச் சுற்றிப் பெரும்பாலும் 16 தனித்தையல்கள் இடப்படுகின்றன. ஊசி கருவிழித் தடிமனில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு ஆழம் செல்ல வேண்டும். மேலோட்டமாகச் சென்றால் உள்விளிம்பு பிளந்து நிற்கும். இவற்றினும் அரியது இழுவிசையைச் சீராக்குவதே: ஒரு தையல் சற்று மிகையாக இறுகினாலும் கருவிழியின் வளைவு திரிந்து, ஒளிக்கதிர்கள் ஒரே புள்ளியில் குவியாத சிதறல் பார்வை உண்டாகும். குருதிக்குழாய்கள் இல்லாத இத்திசு மிக மெதுவாகவே ஆறுவதால், தையல்கள் ஓராண்டுக்கு மேலும் கண்ணிலேயே விடப்படுவதுண்டு.