உடலின் அளவுகள் – 9: நாலு மில்லிமீட்டர் விவகாரம்

கண்டி பெரியாஸ்பத்திரிக்கோ பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ புரோஸ்டேட் ஸ்கேனுக்கு வருகிறவர்களில் கம்பளை, மாத்தளைக்காரர்களுக்குப் பெரிய சிரமமில்லை. நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வளைவுகளில் பஸ்ஸில் ஆடிக்கொண்டு வருகிற பெரியவர் பாடுதான் பாடு. தண்ணீர் குடித்து, சலப்பையை நிரப்பிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். அடக்க முடியாததுதானே அவருடைய நோயே! வழியில் போய்விட்டால் ஸ்கேன் அறை வாசலில் மறுபடியும் தண்ணீர்ப் போத்தல்.

காரணமில்லாமல் கேட்கவில்லை. புரோஸ்டேட் சுரப்பி சலப்பைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. நீர் நிறைந்த சலப்பைக்குள் ஒலியலை தடையில்லாமல் போகும். காற்று நிறைந்த குடலும் ஒதுங்கிக்கொள்ளும்.

திரையில் சுரப்பி தெரிந்ததும் வைத்தியர் அதன் இரு ஓரங்களிலும் சிறு குறிகளை வைக்கிறார். அகலம் 5 சென்டிமீட்டர், முன்பின் 4. கருவியைத் திருப்பிப் பிடித்து மேல்கீழ் நீளம், 4 என்று வைப்போம். மூன்றையும் பெருக்கினால் 80. அதை 0.52ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 42 மில்லிலீட்டர். 3.14ஐ 6ஆல் வகுத்தால் வருவதே அந்த 0.52, முட்டை போன்ற நீள்உருண்டைக்கான எண். ஆனால் வளர்ந்த புரோஸ்டேட் முட்டையாக இருப்பேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. சிலருக்கு அதன் நடுமடல் சலப்பைக்குள்ளேயே துருத்திக்கொண்டு நிற்கும். போதாக்குறைக்கு, இடுப்பு முன்னெலும்பின் நிழல் கீழ்முனையை மறைத்துவிடுவதால் நீளத்தில்தான் தடுமாற்றம் அதிகம்.

அதனால் என்ன என்று கேட்கலாம். இதே ஆளுக்கு இரத்தத்தில் பிஎஸ்ஏ, அதாவது புரோஸ்டேட் சுரக்கும் புரதம், 6 என்று வந்திருக்கட்டும். ஒரு மில்லிலீட்டர் சுரப்பிக்கு எவ்வளவு என்று பார்க்க 6ஐ 42ஆல் வகுத்தால் 0.14. பலர் 0.15ஐ எல்லையாக வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே போனால் புற்றுநோய்ச் சந்தேகம் கூடும், பயொப்சி பேச்சு வரும். இப்போது நீளத்தை 3.6 என்று குறித்துப் பாருங்கள். கனவளவு 37, விகிதம் 0.16. இரத்தம் அதேதான், ஆளும் அதே ஆள்தான். குறி மட்டும் நாலு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது.

சுரப்பியை அளக்கும் இந்தச் சிக்கலுக்கு ஜப்பானிய வைத்தியர் ஹிரோகி வதனபே 1960களின் இறுதியிலேயே வழி தேடினார். நோயாளி நாற்காலியில் உட்கார, ஆசனத்தின் நடுவிலிருந்து எழும் கருவி மலக்குடலுக்குள் போய், சுரப்பியைத் துண்டு துண்டாகப் படம் பிடிக்கும். ஒவ்வொரு துண்டின் பரப்பையும் கூட்டி, துண்டுகளுக்கு இடையிலான தூரத்தால் பெருக்கினால் கனவளவு வந்துவிடும், முட்டைக் கற்பனை வேண்டாம். நோயாளிக்குத்தான் சங்கடம், வைத்தியருக்கோ ஒவ்வொரு விளிம்பையும் கையால் வரைகிற வேலை.

அந்த விளிம்பு வேலையைத்தான் இப்போது கணினிக்குக் கொடுக்கிறார்கள். வைத்தியர்கள் வரைந்த எல்லைகளைப் பார்த்துப் பழகிய மென்பொருள் தானே கோடு போட்டு, முப்பரிமாண உருவத்தைக் கட்டிக் கனவளவைச் சொல்கிறது. வேகம் அபாரம். ஆனால் எலும்பு நிழல் விழுந்த இடத்தில் அதுவும் ஊகிக்கத்தான் வேண்டும். பழக்கிய வைத்தியர்கள் இழுத்த கோடுகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. கணினி சொன்னது என்பதற்காக 42.3 என்ற தசமத்தை நம்பிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அளவு பெரிதானால் தொல்லையும் பெரிது என்பதும் இல்லை. 30 மில்லிலீட்டரில் படாதபாடு படுகிறவரும் உண்டு, 80இல் நிம்மதியாகத் தூங்குகிறவரும் உண்டு. அதனால்தான் சலம் கழித்துவிட்டு வரச் சொல்லி, உள்ளே எவ்வளவு மிச்சம் என்று மறுபடி பார்க்கிறார்கள். அளவு முக்கியமாவது சிகிச்சையைத் தெரிவு செய்யும்போது. ஃபினாஸ்டரைடு போன்ற மாத்திரை பெருத்த சுரப்பியில்தான் நன்றாக வேலை செய்யும். மாதக்கணக்கில் எடுத்தால் சுரப்பியைச் சுருக்கும், பிஎஸ்ஏயையும் ஏறக்குறையப் பாதியாக்கும். ஆகவே அதை விழுங்குகிறவர் கிளினிக்கில் முதலில் சொல்ல வேண்டியது அந்த மாத்திரையின் பெயரைத்தான்.

(தொடரும்)