பப்பாசிக்கு வந்த புதுப்பகை

கோமாரி போன்ற கடலோர ஊர்களிலே கிணற்றடியில் நின்று, அதிகச் செலவின்றிக் குடும்பத்துக்குக் கனி தருவது பப்பாசி மரம். அம்மரத்துக்குக் கடல் கடந்து வந்த ஒரு பகையைப் பற்றி இன்று சில கூற விரும்புகிறேன்.

அப்பகை பப்பாசி மாவுப்பூச்சி. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் அதன் தாயகம். 2008ஆம் ஆண்டில் அது இலங்கையிலும், அதே ஆண்டில் தமிழ்நாட்டின் கோயம்புத்தூரிலும் காணப்பட்டது. தாயகத்திலே அதனை அடக்கி வைத்திருந்த இயற்கைப் பகைவர்கள் அதனுடன் வரவில்லை. ஆகவே அது தங்குதடையின்றிப் பெருகிற்று.

இதனை இனங்காண்பது எங்ஙனம்? இலையின் அடிப்புறத்து நரம்போரத்திலும் காயின் மேலும் பஞ்சைப் பிய்த்து ஒட்டினாற்போல வெண்மை படர்ந்திருக்கும். அதனை விலக்கினால் மஞ்சள் நிறச் சிறு பூச்சிகள் தென்படும். அவை சாற்றை உறிஞ்சுவதால் இலை சுருண்டு மஞ்சளிக்கும், பிஞ்சு உதிரும். அவை கழிக்கும் இனிப்பு நீரிலே கரும்பூஞ்சணம் படியும், எறும்புகளும் மொய்க்கும். மரவள்ளியிலும் செவ்வரத்தையிலும் இப்பூச்சி வாழும். அவற்றையும் பார்த்தல் வேண்டும்.

கண்டவுடன் கடும் நஞ்சைத் தெளிக்க மனம் விரைவது இயல்பே. ஆனால், மெழுகுப் போர்வை பூச்சியைப் பெரிதும் காத்துவிடும். மடிவன நமக்கு உதவும் பூச்சிகளே. அவ்வுதவியாளருள் முதன்மையானது அசெரோபேகஸ் பப்பாயே என்னும், எள்ளினும் சிறிய குளவி. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2009இல் இலங்கைக்கும், 2010இல் இந்தியாவுக்கும் அது வருவிக்கப்பட்டது. மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளே அது முட்டையிடும். அதன் புழு உள்ளிருந்து உண்ண, மாவுப்பூச்சி பழுப்பேறி விறைத்துவிடும். பின்னர் வளர்ந்த குளவி துளையிட்டு வெளிவரும். மனிதரை அது கொட்டுவதில்லை.

ஆதலால் வாரம் ஒருமுறை இலைகளைப் புரட்டிப் பாருங்கள். பூச்சி சிறிதளவே இருப்பின், அப்பகுதியை வெட்டி அங்கேயே எரித்துவிடுங்கள்; வேலிக்கப்பால் எறியாதீர்கள். இளங்குஞ்சுகள் காற்றிலே பரவக்கூடியவை. எஞ்சியவற்றின் மீது இலையின் அடிப்புறம் நனையுமாறு மென்மையான சவர்க்கார நீரைத் தெளியுங்கள். எறும்பு மரமேறாது தடுங்கள். இனிப்பு நீருக்காக அது மாவுப்பூச்சியைக் காவல் காக்கும். பழுப்பேறித் துளைபட்ட பூச்சிகள் மிகுந்திருப்பின், மரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். குளவி தன் தொழிலைச் செய்துகொண்டிருக்கிறது. சந்தேகம் எழுந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடுங்கள்.

ஒரு வளவின் அசட்டை ஊரின் மரங்களைப் பாதிக்கும். நஞ்சுக் குப்பியைத் திறக்குமுன் இலையைப் புரட்டிப் பார்ப்பவரே தம் மரத்தையும் அயலார் மரத்தையும் காப்பவராவர்.