மாநாட்டுக்குப் போகிறவர் எங்கே தங்குவது?

வியன்னா நகரத்தில் ஆண்டுதோறும் வசந்தகாலத்தில், பெரும்பாலும் ஏப்ரலில், ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியம் தன் பொதுப் பேரவையைக் கூட்டுகிறது. 2005 முதல் அதே ஊர்தான். பெருந்தொற்றுக் காலத்தில் மட்டும் இணையத்துக்கு மாறியது. பருவமழை, நிலநடுக்கம், நிலத்தடி நீர், கடலரிப்பு என்று மண்ணையும் வானையும் ஆராய்கிறவர்கள் பதினைந்தாயிரம் பேருக்கு மேல் ஒரு வாரம் அங்கே கூடுகிறார்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களிலிருந்து போகும் ஆய்வு மாணவர்களும் அவர்களில் உண்டு. பலருக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். இப்படிப் புறப்படுகிறவருக்கு ஊரில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: எங்கே மலிவோ அங்கே அறை எடு, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த அறிவுரை தவறானது என்பது என் உறுதியான கருத்து. மாநாட்டுப் பயணத்தில் விசா, விமானம், அறை, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். அரங்கத்தில் எத்தனை மணி நேரம், எவ்வளவு தெம்போடு இருக்கப் போகிறோம் என்பதே அந்த அளவுகோல்.

ஏன் அது? இன்று அந்த மாநாட்டின் உரைகளை வீட்டிலிருந்தே இணையத்தில் கேட்க முடியும். உரை கேட்பது மட்டுமே நோக்கம் என்றால் கடல் கடந்து போக வேண்டியதில்லை. நேரில் போகிறவருக்கு மட்டும் கிடைப்பது வேறு: தன் போஸ்டரின் முன்னால் நிற்கும்போது, அதே சிக்கலில் பத்தாண்டு உழைத்த ஒருவர் வந்து கேட்கும் கேள்வி, காபி இடைவேளையில் தொடங்கி இரவுச் சாப்பாடு வரை நீளும் பேச்சு, அந்தப் பேச்சில் பிறக்கும் முதுமுனைவர் வாய்ப்பு. இவை எதுவும் நிகழ்ச்சி நிரலில் இருக்காது. காலை முதல் அமர்வுக்கு முன்னும் மாலைக் கடைசி அமர்வுக்குப் பின்னும்தான் அதிகம் நடக்கும். அறை தொலைவில் இருப்பவர் முதலில் இழப்பது இந்த இரு முனைகளையே. பதிவுக் கட்டணமும் விமானக் கட்டணமும் சேர்ந்து லட்சத்தைத் தாண்டிய பிறகு, இரவுக்கு இருபது யூரோ மிச்சம் பிடிக்கப் புறநகருக்கு அப்பால் அறை எடுத்து, நாளுக்கு இரண்டு மணி நேரத்தைப் பேருந்தில் கழிப்பது சிக்கனமாகாது.

அரங்கத்தை ஒட்டிய ஓட்டல்களின் வாடகை மாநாட்டு வாரத்தில் விண்ணைத் தொடுமே, மாணவரால் தாங்க முடியுமா என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அருகாமையைக் கிலோமீட்டரில் அளப்பதால் எழும் கேள்வி அது. மாநாடு நடக்கும் ஆஸ்திரியா சென்டர், டான்யூப் ஆற்றுக்கு அக்கரையில், ஐக்கிய நாடுகள் வளாகத்தை ஒட்டி 22ஆம் வட்டத்தில் இருக்கிறது. அதன் வாசலருகே கைசர்மூலன் என்ற மெட்ரோ நிலையம்; அது யூ-1 பாதையில் வருகிறது. நகரின் நடுவிலுள்ள ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் அங்கிருந்து ஆறாவது நிறுத்தம், பத்து நிமிடப் பயணம். தலைமை ரயில் நிலையமான ஹாப்ட்பான்ஹோஃப் இன்னும் மூன்று நிறுத்தம் தள்ளி; கால் மணி நேரம் ஆகும். எதிர்த் திசையில் காக்ரான் இரண்டே நிறுத்தம். பெரிய வணிக வளாகமும் அங்கே உண்டு. ஆகவே தேட வேண்டியது யூ-1 நிலையம் ஒன்றுக்கு நடந்துபோகும் தூரத்தில் உள்ள அறை. அரங்கத்திலிருந்து மூன்று கிலோமீட்டரில் இருந்தாலும் இரண்டு முறை வண்டி மாற வேண்டிய அறையைவிட, ஏழு கிலோமீட்டர் தள்ளி இதே பாதையில் உள்ள அறை நல்லது. வார நாள்களில் மெட்ரோ நள்ளிரவு கடந்தும் சிறிது நேரம் ஓடும். வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ஓடும். இரவு விருந்திலிருந்து பாதியில் எழ வேண்டிய அவசியம் இருக்காது. நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. அதை நம்பிச் சீட்டு வாங்காமல் ஏறினால், சோதகர் வரும்போது நூறு யூரோவுக்கு மேல் அபராதம். பல நாள் செல்லும் சீட்டை முதல் நாளே வாங்கிவிடுவது நல்லது.

தனியார் வீடுகளை நாள் வாடகைக்கு எடுப்பதைப் பலர் விரும்புகிறார்கள். மூன்று பேர் சேர்ந்து எடுத்தால் சமையலறையும் கிடைக்கும், செலவும் குறையும். சைவ உணவுக்காரருக்கு இது பெரிய வசதிதான். ஆனால் 2024 ஜூலை முதல், குடியிருப்பு வீட்டை ஆண்டுக்கு 90 நாளுக்கு மேல் இப்படி விட அனுமதி பெற வேண்டும் என்று வியன்னா விதித்திருக்கிறது. எனவே மிக மலிவாகத் தெரியும் வீட்டை எடுக்கும் முன் அதற்கு முறையான அனுமதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. நண்பர் வீட்டில் மூன்று நாளுக்கு மேல் தங்குகிறவர் வட்ட அலுவலகத்தில் தங்குமிடப் பதிவு செய்ய வேண்டும். ஓட்டலில் அந்த வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மாணவர் விடுதிகளை ஓட்டலாக விடுகிறார்களே என்றால், அது ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான கோடை விடுமுறையில்தான். ஏப்ரல் மாநாட்டுக்கு அது உதவாது.

அறையை முன்பே எடுத்துவிட்டு விசா கிடைக்காமல் போனால் பணம் போய்விடாதா என்பதுதான் இந்தியரும் இலங்கையரும் எழுப்பும் வலுவான மறுப்பு. ஐரோப்பிய சகாக்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. ஆகவே மாநாட்டு வழிகாட்டிகளில் இதற்கு நல்ல பதில் இருப்பதில்லை. ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையை, இரவுக்குச் சில யூரோ கூடினாலும், முதலில் எடுத்துவிட வேண்டும். ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று எப்படியும் கேட்பார்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசி வரம்பு 15 நாள். முடிவு பொதுவாக 15 நாளில் வரும் என்றாலும் 45 நாள்வரை நீட்டிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. கடைசி வரம்பை நம்பியவர் மாநாடு முடிந்த பிறகு பாஸ்போர்ட்டைப் பெறக்கூடும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, அமைப்பாளரின் அழைப்புக் கடிதம், திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லும் பாஸ்போர்ட் ஆகியவை தேவை. கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. ஆனால் அறிவியல் கருத்தரங்குக்குச் செல்லும் ஆய்வாளருக்கு இந்தக் கட்டணத்திலிருந்து விலக்கு அளிக்க ஐரோப்பிய விசா விதியே சொல்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. நிறுவனத்தின் கடிதத்தில் ஆய்வாளர் என்ற பதவியும் மாநாட்டில் பங்கேற்பதே நோக்கம் என்பதும் தெளிவாக இருக்கட்டும். விலக்கைக் கேட்டுப் பெற வேண்டும். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயண உதவித்தொகை தேடுகிறவருக்கு நாள்காட்டி இன்னும் முன்னே தொடங்குகிறது. இந்த ஒன்றியம் இளம் ஆய்வாளர்களுக்கும் வருமானம் குறைந்த நாட்டவர்க்கும் உதவி தருகிறது. ஆனால் அதற்கான ஆய்வுச் சுருக்கத்தைப் பொதுக் கடைசி நாளுக்கு ஒரு மாதத்துக்கும் மேலாக முன்பே, டிசம்பர் தொடக்கத்தையொட்டி அனுப்ப வேண்டியிருக்கும்.

அடுத்தது உடம்பு. ஏப்ரலில் வியன்னா இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அங்கே போஸ்டர் முன் நிற்கிறவரின் உடம்புக்கு இரவு ஒன்பதரை. விமானத்திலும் தூங்காதவருக்கு முதல் இரண்டு மாலைகள் வீண். மாநாடு திங்களன்று தொடங்குவதால் பலர் ஞாயிறு மாலை போய் இறங்குகிறார்கள். ஓர் இரவு வாடகை கூடினாலும் சனிக்கிழமையே சேர்ந்துவிடுவது எவ்வளவோ மேல். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் கடைகள் அடைப்பு. பெரிய ரயில் நிலையங்களில் உள்ள சில பல்பொருள் அங்காடிகளே விதிவிலக்கு. சனிக்கிழமை வந்தவர் ரொட்டி, தயிர், பழம், அரிசி வாங்கி வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் வாங்க வேண்டியதில்லை. ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து 1873இலும் 1910இலும் அமைத்த நெடுங்குழாய்கள் கொண்டுவரும் நீர்தான் குழாயில் வருகிறது, அப்படியே குடிக்கலாம். ஏப்ரல் காலைகளில் பத்து டிகிரிக்குக் கீழே குளிரும், ஆற்றங்கரையில் காற்றும் அடிக்கும். காற்றுப் புகாத மேலங்கி ஒன்று போதும்.

இவ்வளவு தூரம் போய் ஊர் பார்க்காமல் வருவதா என்று வீட்டார் கேட்பார்கள். பார்க்கத்தான் வேண்டும், மாநாட்டு நாள்களைக் களவாடிப் பார்க்கக் கூடாது. புதன்கிழமை மதியம் அரண்மனை பார்க்கப் போகிறவர், அன்று தன் துறையின் அமர்வில் யார் வந்தார்கள் என்பதை அறியாமலே திரும்புவார். அதற்கு மாறாக, வெள்ளிக்கிழமை முடிந்த பிறகு இரண்டு நாள் சேர்த்து விசா கேட்கலாம். முக்கிய நோக்கம் மாநாடாக இருக்கும்வரை அது சிக்கலாவதில்லை. அப்போது அறையை மாற்றினாலும் நட்டமில்லை, அளவுகோல் மாறிவிட்டது. புவி அறிவியல் படித்தவர் அந்த இரண்டு நாளில் முதலில் போக வேண்டிய இடம், நகர நடுவிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். உலகிலேயே மிகப் பெரிய விண்கல் காட்சி அங்கே இருக்கிறது. அரை நாளாவது ஒதுக்க வேண்டும்.