பைலட்கள் முதலில் பழகும் விமானம்



அவனியாபுரம், பெருங்குடி பக்கம் போனால் மதுரை விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களைத் தலைக்கு மேலேயே பார்க்கலாம். அவை பயணிகள் விமானங்கள். நாட்டைக் காக்கும் விமானப்படையில் சேருகிறவர்கள் எதில் பழகுவார்கள் தெரியுமா? முதல் நாளே போர் விமானத்தில் ஏற்றி விடுவார்களா? மாட்டார்கள். அதற்கென்றே இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிறிய விமானம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டிரைவிங் ஸ்கூல் கார் மாதிரி

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக் கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பழகுபவர் தடுமாறினால் அவர் மிதித்து விடுவார். அதே மாதிரிதான் பயிற்சி விமானமும். முன் சீட்டில் மாணவர், பின் சீட்டில் ஆசிரியர். இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஓட்டும் கருவிகள் உண்டு. ஆசிரியருக்கு முன்னால் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின் சீட்டைக் கொஞ்சம் உயரமாக வைத்திருப்பார்கள்.

இப்போது நம் விமானப்படையில் இருப்பது பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2. இது சுவிட்சர்லாந்து நாட்டில் செய்தது. 2012-இல் 75 விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். 2013 மே மாதம் ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் உள்ள விமானப்படை அகாடமியில் இதைச் சேர்த்தார்கள். நம்ம தமிழ்நாட்டிலும் இது பறக்கிறது. பைலட்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி தாம்பரத்தில்தான் இருக்கிறது.

டர்போபிராப் என்றால் என்ன?

பனை ஓலைக் காத்தாடியைக் கையில் பிடித்து ஓடினால் காற்று பட்டு சுத்தும் அல்லவா? இந்த இன்ஜினுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. முதலில் காற்றை இழுத்து அழுத்துவார்கள். அதில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளைத் தெளித்து எரிப்பார்கள். சூடான வாயு வேகமாக வெளியே பாயும். பாயும்போது வழியில் இருக்கும் சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரத்தின் பெயர் டர்பைன். அது ரொம்ப வேகமாகச் சுத்துவதால், பல் சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்து, முன்னால் இருக்கும் பெரிய விசிறியைச் சுற்ற வைப்பார்கள். விசிறி காற்றைப் பின்னால் தள்ள, விமானம் முன்னால் போகும்.

ஜெட் இன்ஜின் அப்படி இல்லை. அதில் வாயு பாயும் வேகமே விமானத்தைத் தள்ளும். ஜெட் வேகமாகப் போகும், எரிபொருளும் நிறையக் குடிக்கும். பழகுகிறவருக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. டர்போபிராப்பில் செலவு குறைவு. அதனால் உலகத்தில் பல நாடுகள் இதில்தான் பழக்குகின்றன. பிலாட்டஸ் இன்ஜினின் சக்தி 700 குதிரைத்திறன்.

உயிர் காக்கும் நாற்காலி

இதற்கு முன் நம்மிடம் எச்பிடி-32 தீபக் என்ற விமானம் இருந்தது. அது டர்போபிராப் இல்லை, பிஸ்டன் இன்ஜின். அந்த இன்ஜின் வானத்திலேயே நின்று போகும் தொல்லை இருந்தது. ஆபத்து வந்தால் பைலட்டை வெளியே தூக்கி எறியும் நாற்காலியும் அதில் கிடையாது. அந்த விமானத்தின் 17 விபத்துகளில் 19 பைலட்கள் இறந்து போனார்கள். 2009 ஜூலையில் இரண்டு பைலட்கள் இறந்த பிறகு அதைப் பறக்க விடாமல் நிறுத்தி விட்டார்கள். பிலாட்டஸ் வரும் வரை புதியவர்களும் நேராக கிரண் என்ற ஜெட் விமானத்திலேயே பழக வேண்டி வந்தது.

பிலாட்டஸில் அந்த நாற்காலி இருக்கிறது. கைப்பிடியை இழுத்தால் நாற்காலியோடு பைலட் வெளியே பறப்பார், பாராசூட் தானே விரியும். 2025 நவம்பர் 14 அன்று செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் அருகே ஒரு பிலாட்டஸ் விழுந்தது. பைலட் இப்படித்தான் உயிர் தப்பினார். ஆனால் எப்போதும் தப்ப முடிவதில்லை. 2023 டிசம்பர் 4 அன்று தெலங்கானாவில் தூப்ரான் அருகே ஒன்று விழுந்து ஆசிரியர், மாணவர் இரண்டு பேருமே இறந்தார்கள். பழகும்போதே உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

நம் நாட்டிலேயே செய்வது

பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனம் எச்டிடி-40 என்ற விமானத்தைச் செய்திருக்கிறது. அது 2016 மே 31 அன்று முதலில் பறந்தது. பயிற்சி விமானம் பம்பரம் மாதிரி சுத்திக்கொண்டே கீழே விழுந்தாலும் மறுபடி நேராகி எழ வேண்டும். இந்தச் சோதனையில் தேறுவது கஷ்டம். அதையும் தாண்டிய பிறகு, 2023 மார்ச்சில் 70 விமானங்கள் வாங்க அரசு ஒப்பந்தம் போட்டது. இதிலும் டர்போபிராப் இன்ஜினும் உயிர் காக்கும் நாற்காலியும் உண்டு.

பெண்கள் ஓட்டலாமா?

தாராளமாக! அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூன்று பேர் 2016-இல் இந்தியாவின் முதல் பெண் போர் விமானிகள் ஆனார்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் சேரும் என்.டி.ஏ. என்ற தேசிய பாதுகாப்பு அகாடமியில் 2022-இல்தான் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தார்கள். அதில் 17 பேர் 2025 மே மாதம் படித்து முடித்து வெளியே வந்தார்கள்.

தோழிகளே, இதைக் கவனியுங்கள். என்.டி.ஏ. வழியாக விமானப்படைக்குப் போக பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். "பொம்பளப் பிள்ளைக்குக் கணக்கு குரூப் எதுக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். அப்போது இதைச் சொல்லுங்கள். வேறு குரூப் எடுத்தால் இந்தக் கதவு அப்போதே மூடிப் போகும். தேர்வுக்கு விண்ணப்பிக்கப் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பயிற்சிச் செலவையும் அரசே ஏற்கிறது. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். அதனால் தமிழ் வழியில் படிக்கும் நாம் இப்போதிருந்தே தினமும் கொஞ்சம் ஆங்கிலம் படிக்க வேண்டும்.

பத்தாவது முடித்ததும் குரூப் கேட்பார்கள். அதற்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கிறது. யோசித்து வையுங்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவி