உறங்குவோரைக் காக்கும் மணி

 

நோயுற்றவரை நலம் விசாரிக்கச் செல்வது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செலுத்த வேண்டிய கடமைகளுள் ஒன்று. பழமும் பாலும் வாங்கிச் செல்கிறோம். தலைமாட்டில் அமர்ந்து துஆச் செய்கிறோம். ஆறுதல் கூறித் திரும்புகிறோம். அடுத்த முறை அவ்வாறு செல்லும்போது ஒரு கணம் தலை நிமிர்ந்து அவ்வறையின் மேற்கூரையைப் பாருங்கள். உள்ளங்கை அகலத்தில் வட்ட வடிவக் கருவியொன்று பொருத்தப்பட்டிருக்கலாம். வெண்ணிறம் பழுப்பேறி, ஒட்டடை படிந்து, சில இடங்களில் சுண்ணாம்பு அடித்தவர் அதன்மீதும் தூரிகையை ஓட்டிச் சென்ற நிலையில் அது காட்சி தரும். புகையை உணர்ந்து எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்யும் கருவி அது. அது உயிரோடிருக்கிறதா, என்றோ மடிந்துவிட்டதா என்பதனை அங்கே பணிபுரிவோரில் எத்தனை பேர் அறிவார்கள்?

இக்கேள்வி பொறியாளர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டாம். ஊர்தோறும் நம் அறக்கட்டளைகளும் ஜமாஅத்துகளும் மருத்துவமனைகளை நடத்துகின்றன. நம் பெண்மக்கள் அங்கே பிள்ளை பெறுகிறார்கள். நம் பெரியவர்கள் அங்கே படுத்திருக்கிறார்கள். எனவே இது நம் வீட்டுச் செய்தியேயாகும்.

நெருப்பு எனும் பகைவன்

மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு அதிலிருந்தோருடன் எரிந்துபோன செய்தி பெருமானார் (ஸல்) அவர்களிடம் கூறப்பட்டபோது, நெருப்பை மனிதரின் பகைவன் என்று குறிப்பிட்டு, உறங்கச் செல்லுமுன் அதனை அணைத்துவிடுமாறு கட்டளையிட்டார்கள். இதனை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டையே கொளுத்திவிடக் கூடும் என்றும் அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இவ்வறிவுரைகளின் உட்பொருள் யாது? மனிதன் உறங்கும் வேளையில் நெருப்பு கண்காணிப்பின்றி இருத்தல் ஆகாது என்பதே.

வீட்டில் விளக்கை அணைத்துவிடலாம். மருத்துவமனையில் அது இயலாது. அங்கே இரவு முழுவதும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். செயற்கைச் சுவாசக் கருவியும், பச்சிளங் குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் பெட்டியும், குளிர்சாதனமும் ஒரு நொடியும் நிற்கலாகாது. போதாக்குறைக்கு உயிர்வளி குழாய் வழியே அறைக்கு அறை பாய்கிறது. உயிர்வளி தானாக எரிவதில்லை. ஆயினும் அது மிகுந்த இடத்தில் சிறு பொறியும் பெருந்தீயாகிவிடும். அணைக்க முடியாத நெருப்பை வைத்துக்கொண்டு உறங்கும் வீடு மருத்துவமனை. ஆதலின் அங்கே உறங்காத காவலன் ஒருவன் வேண்டும். அக்காவலனே எச்சரிக்கை மணி.

மூன்று நிகழ்ச்சிகள்

2011 டிசம்பர் 9-ஆம் நாள் விடியற்காலை, கொல்கத்தா நகரின் டாக்குரியா பகுதியிலுள்ள ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பற்றியது. வாகனங்கள் நிறுத்துவதற்கென அனுமதி பெற்ற அடித்தளம், எரியக் கூடிய பொருள்களின் கிடங்காகப் பயன்படுத்தப்பட்டு வந்தது. தீ மேல்மாடிகளுக்கு ஏறுமுன் புகை ஏறிற்று. குளிர்சாதனக் குழாய்களே அப்புகைக்கு வழியாயின. கட்டடம் முழுவதும் கண்ணாடியால் மூடப்பட்டிருந்தமையால் புகை வெளியேற வழியில்லை. சுமார் 90 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோரைத் தீ தீண்டவில்லை. புகையே அவர்களை மாய்த்தது. அக்கம்பக்கத்துக் குடிசைவாசிகள் புகையைக் கண்டு உதவிக்கு ஓடிவந்தபோது காவலாளிகள் அவர்களைத் திருப்பியனுப்பியதாகவும் செய்திகள் வெளியாயின. கேரளத்தைச் சேர்ந்த இளம் செவிலியர் இருவர் நோயாளிகளை மீட்டுக் கொண்டிருந்த நிலையிலேயே தம் இன்னுயிரை ஈந்தனர்.

2021 ஜனவரி 9-ஆம் நாள் அதிகாலையில், மகாராஷ்டிர மாநிலம் பண்டாரா மாவட்ட அரசு மருத்துவமனையில் பச்சிளங் குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவில் தீ மூண்டது. 10 குழந்தைகள் இறந்தனர். 7 குழந்தைகள் காப்பாற்றப்பட்டனர். அங்கே புகையை முதலில் கண்டறிந்து குரல் எழுப்பியவர் பணியிலிருந்த செவிலியர் ஒருவரே.

2024 டிசம்பர் 12-ஆம் நாள் இரவு, நம் திண்டுக்கல் நகரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் தீ விபத்து ஏற்பட்டு, குழந்தை உட்பட 6 பேர் புகையால் மூச்சுத் திணறி மாண்டனர். அவர்கள் மின்தூக்கியில் சிக்கியிருந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டனர்.

இம்மூன்றையும் ஒருசேர எண்ணிப் பாருங்கள். மூன்றும் இருள் சூழ்ந்த வேளையில் நிகழ்ந்தவை. எழுந்து ஓட இயலாத நோயாளிகளும் குழந்தைகளும் சிக்கிக்கொண்ட இடங்கள் அவை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகையோடு எரிந்துபோனதை நம் சமுதாயம் மறக்க முடியுமா? கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அறுவை முடிந்து மயக்கத்தில் கிடப்பவரும், சுவாசக் கருவியோடு இணைக்கப்பட்டவரும் ஒருவகையில் கட்டுண்டவர்களே. அவர்களுக்குத் தேவை ஓட்டமன்று. பிறர் வந்து தூக்கிச் செல்வதற்கான நேரம். ஐந்து நிமிடம் முன்னதாக ஒலிக்கும் மணி அந்த ஐந்து நிமிடத்தை வழங்குகிறது.

மணி ஏன் ஊமையாகிறது?

பல மருத்துவமனைகளில் கருவி இருக்கத்தான் செய்கிறது. கட்டடம் எழும்பிய காலத்தில், அனுமதிச் சான்றிதழுக்காக வாங்கி மாட்டப்பட்டது. பின்னர் அதனை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

புகை உணரும் கருவிக்குள் சிறியதோர் அறை இருக்கிறது. அதனுள் ஒளிக்கதிர் ஒன்று பாய்ந்துகொண்டேயிருக்கும். புகை நுழைந்தால் ஒளி சிதறும். சிதறிய ஒளி உணர்வானின் மீது பட்டதும் சைகை பிறக்கும். அவ்வறையில் தூசி படிந்தால் என்னவாகும்? தூசியையே புகையென்று கருதிக் கருவி காரணமின்றி அலறும். அல்லது துளைகள் அடைபட்டு, மெய்யான புகை வந்தபோதும் மௌனம் சாதிக்கும். ஏறத்தாழ பத்தாண்டுகளில் இக்கருவிகளை மாற்றிவிடுவதே முறையாகும்.

காரணமின்றி அலறும் மணிதான் பெருங்கேடு. ஆடு மேய்த்த சிறுவன் ‘புலி வருகிறது, புலி வருகிறது’ என்று கூவிய கதையைப் பாலர் வகுப்பிலேயே கேட்டிருக்கிறோம். ஒரு வாரத்தில் நான்கு முறை மணி பொய்யாக ஒலித்தால், ஐந்தாம் முறை செவிலியர் அசையமாட்டார். நோயாளிகள் முறையிடுகிறார்கள் என்று எவரேனும் ஒருவர் விசையைத் திருப்பி ஒலியை நிறுத்திவிடுவார். நிறுத்தப்பட்ட மணி மீண்டும் இயக்கப்படாமலேயே ஆண்டுகள் உருண்டோடும்.

மின்தடையின்போது கருவியை இயக்கும் பேட்டரியும் சில ஆண்டுகளில் வலுவிழந்துவிடும். தீ விபத்துகளில் முதலில் அறுந்துபோவது பெரும்பாலும் மின்சாரமே. அவ்வேளையில் பேட்டரி உயிரற்றிருந்தால் மணியிருந்தும் பயனில்லை.

பழைய முறையில் வேறொரு குறையும் உண்டு. கட்டடத்தைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சிறு விளக்கைப் பலகையில் அமைத்திருப்பார்கள். இரண்டாம் மாடியில் தீ என்பதற்கு விளக்கு எரியும். ஆனால் அம்மாடியின் இருபது அறைகளில் எந்த அறை என்பதனை அது சொல்லாது. காவலர் கதவு கதவாகத் திறந்து பார்க்க வேண்டும். புதிய முறையிலோ ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் உண்டு. ‘இரண்டாம் மாடி, மருந்துக் கிடங்கு’ என்று பலகையில் எழுத்திலேயே தோன்றும். எக்கருவியில் தூசி மிகுந்துள்ளது, எது பழுதாகியுள்ளது என்பதனையும் அதுவே முன்கூட்டி அறிவிக்கும். மணி ஒலித்த அதே நொடியில் குளிர்சாதனக் காற்றை நிறுத்தவும், மின்தூக்கியைத் தரைத்தளத்திற்கு இறக்கவும், புகைத் தடுப்புக் கதவுகளை மூடவும் அதனோடு இணைப்புக் கொடுக்கலாம். கொல்கத்தாவில் காற்றுக் குழாய் செய்த கேட்டையும் திண்டுக்கல்லில் மின்தூக்கி பொறியாக மாறியதையும் நினைவுகூர்ந்தால் இவ்விணைப்புகளின் அருமை புலப்படும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

நோயாளிகள் நிறைந்த மருத்துவமனையில் இம்மாற்றத்தைச் செய்வது எளிதன்று. எனவே நிர்வாகப் பொறுப்பிலுள்ளோர் சிலவற்றைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

முதலாவது, புதிய மணி சோதித்து முடிக்கப்படும் வரை பழைய மணியைக் கழற்றலாகாது. ஒரு பிரிவு முடிந்தபின் அடுத்த பிரிவு என்று படிப்படியாகச் செய்தல் வேண்டும். சில மணி நேரம் மணியில்லாத நிலை தவிர்க்க முடியாததாயின், அந்நேரம் முழுவதும் அறைகளைச் சுற்றிவர ஆள் நியமிக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, மேற்கூரையைத் துளையிடும்போது எழும் தூசி தீங்கற்றதன்று. நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களின் நுரையீரலை அதிலுள்ள பூஞ்சை வித்துகள் தாக்கக் கூடும். ஆகவே திரையிட்டு மறைத்து, நோயாளிகளை இடம் மாற்றிய பின்னரே துளையிட வேண்டும்.

மூன்றாவது, எல்லா இடத்திற்கும் ஒரே கருவி பொருந்தாது. சமையற்கூடத்திலும் நீராவி எழும் இடத்திலும் புகைக் கருவியை மாட்டினால் அது ஓயாமல் பொய் சொல்லும். அங்கே வெப்பத்தை உணரும் கருவியே ஏற்றது. பழைய கருவிகளில் ஒருவகை, சிறிதளவு கதிரியக்கப் பொருளைக் கொண்டது. அதனைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாமல், வழங்கிய நிறுவனத்திடமே முறைப்படி ஒப்படைக்க வேண்டும்.

நான்காவது, விலை குறைவு என்பதை மட்டும் பார்த்து ஒப்பந்தம் செய்யலாகாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 2189 எனும் தரநெறி, இக்கருவிகளைத் தேர்ந்தெடுத்தல், பொருத்துதல், பராமரித்தல் ஆகியவற்றுக்கென்றே வகுக்கப்பட்டுள்ளது. அதன்படி வேலை நடக்கும் என்றும், ஆண்டுதோறும் பராமரிப்பு உண்டு என்றும் எழுத்தில் பெற வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதிக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் பணித்திருக்க, உயிர் சார்ந்த ஒப்பந்தத்தை வாய்ச்சொல்லில் விடலாமா?

பணத்திற்கு எங்கே போவது?

இவ்விடத்தில்தான் நிர்வாகக் குழுவில் தயக்கம் எழுகிறது. ‘ஸ்கேன் இயந்திரம் வாங்கினால் ஏழைகளுக்குப் பயன்படும், ஒருநாளும் ஒலிக்காத மணிக்கு இலட்சக்கணக்கில் செலவிட வேண்டுமா?’ என்று நல்லெண்ணம் கொண்டவர்களே வினவுகிறார்கள். இக்கேள்வியைப் புறக்கணித்துவிட முடியாது. ஏழைக்கான பணம் எதுவாயினும் அது அமானிதமே.

இதற்கு நம் ஃபிக்ஹு நூல்களிலேயே விடை இருக்கிறது. வக்ஃபுச் சொத்தின் வருமானத்தில் முதற்செலவு அச்சொத்தைப் பழுதின்றிக் காப்பதற்கே என்பது ஹனஃபி சட்ட அறிஞர்களின் தெளிவான முடிவு. வக்ஃபு செய்தவர் அவ்வாறு நிபந்தனையிடாவிட்டாலும் அவ்விதி பொருந்தும். மூலம் அழிந்தால் தர்மமும் அழியுமன்றோ! நம் மருத்துவமனைகள் யாவும் வக்ஃபு அல்ல. ஆயினும் அந்நெறி அனைத்திற்கும் வழிகாட்டும். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் நிறுவிய மன்சூரி மருத்துவமனை நூற்றாண்டுகள் நிலைத்தது, அதன் நடப்புச் செலவுக்கென வக்ஃபு சொத்துகள் ஒதுக்கப்பட்டிருந்தமையாலேயே.

ஸகாத் நிதி எட்டு வகையினருக்கு உரியது. அதனை இதற்குத் திருப்புவதில் உலமாக்கள் எச்சரிக்கை காட்டுவர். ஆனால் ஸதகாவும் பொது நன்கொடையும் தாராளமாகப் பயன்படலாம். கட்டில் வாங்கித் தந்து அதில் பெயர் எழுதிக்கொள்ள நம்மில் பலர் முன்வருகிறோம். மேற்கூரைக் கருவியில் பெயர் எழுத இடமில்லை. பெயர் தெரியாத அத்தர்மத்தை அல்லாஹ் அறிவான்.

‘விதித்தது நடக்கும்’ என்று கூறுவோரும் உளர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. 1997 ஏப்ரல் 15-ஆம் நாள் மினாவில் ஹாஜிகளின் கூடாரங்கள் எரிந்து 343 பேர் ஷஹீதானார்கள். அதனை விதி என்று ஏற்றுக்கொண்ட சவூதி அரசு, அத்தோடு கைகட்டி இருந்துவிடவில்லை. எளிதில் தீப்பற்றாத கண்ணாடியிழைக் கூடாரங்களையும், வெப்பம் மிகுந்தால் தானே நீர் தெளிக்கும் அமைப்பையும் ஏற்படுத்தியது. விதியை நம்புவது வேறு; கடமையைக் கைவிடுவது வேறு.

நாம் செய்யக் கூடியவை

வாசகர்களே! நீங்கள் அறங்காவலராக இல்லாமலிருக்கலாம். எனினும் நோயாளியைச் சேர்க்கும்போது, ‘தீ எச்சரிக்கை மணி இயங்குகிறதா? கடைசியாக என்று சோதித்தீர்கள்?’ என்று பணிவுடன் கேட்கலாம். கேட்பவர் பெருகினால் நிர்வாகம் விழித்துக்கொள்ளும். மாடிப்படி எங்குள்ளது, அதன் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். துணைக்கு இருக்கும் சகோதரிகள் அறையில் மின்அடுப்போ நீர் காய்ச்சும் கம்பியோ பயன்படுத்த வேண்டாம். புகை கண்டால் மின்தூக்கியை நாடாதீர்கள், குனிந்து செல்லுங்கள், 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள்.

பொறுப்பிலிருப்போர் மூன்று மாதத்திற்கொரு முறையேனும், குறிப்பாக இரவுப் பணியாளர்களைக் கொண்டு, மணியை ஒலிக்கச் செய்து ஒத்திகை நடத்துங்கள். நோயாளிகளை எடுத்தவுடன் கீழே இறக்க முற்படாமல், அதே மாடியில் தீத்தடுப்புக் கதவுக்கு அப்பாலுள்ள பாதுகாப்பான பகுதிக்கு முதலில் நகர்த்துவதே மருத்துவமனைகளுக்குரிய முறை. அதனை ஒவ்வொரு பணியாளரும் ஒருமுறையேனும் செய்து பழகியிருக்க வேண்டும்.

ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவராவார் என்பது திருமறை தரும் நற்செய்தி. அந்நற்கூலி மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. மேற்கூரையின் தூசியைத் துடைத்தவருக்கும், பேட்டரியை மாற்ற நினைவூட்டியவருக்கும், அதற்கெனத் தம் பங்கை ஈந்தவருக்கும் அதில் பங்குண்டு. நம் பொறுப்பில் உறங்குவோரைப் பாதுகாக்கும் விழிப்பை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.